பொட்டு வைத்த சுவிட்ச்

அக். 3, வெள்ளி
காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். ஆயுத பூஜை லீவு முடிந்து திருமழிசை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கம்பெனி வாசலில் பூசணிக்காய் நசுங்கிக் கிடந்தது, உள்ளே நெட் இல்லை. பில் போட முடியாமல் சரக்கு லாரி நிற்கிறது. கணக்கு எழுத வந்தவள் நான். கம்ப்யூட்டரில் எது நின்றாலும் "உமாவைக் கூப்பிடு".

முதலாளி போனை நீட்டினார். "வைஃபை கோடு முழுசா காட்டுது. அப்புறம் இன்னாம்மா நெட் வரல?"

விளக்கினேன். வைஃபை என்பது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒயர் இல்லாத வழி, அவ்வளவுதான். கோடு காட்டுவது அந்த வழியை மட்டும். வெளியே இன்டர்நெட்டோடு சேர்த்துவிடுவது ரவுட்டர். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைப்பது சுவிட்ச். விளக்கு சுவிட்ச் இல்லை, வரிசையாகத் துளை உள்ள தட்டைப் பெட்டி. பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செல்வி ஈரத்துணி போட்டுத் துடைச்சிருப்பா. அவதான் கெடுத்துட்டா."

கூட்டித் துடைக்கும் செல்வி அக்கா அங்கேயே நின்றிருந்தாள். "காஞ்ச துணிதான் மொதலாளி. ஒயரை நான் தொடவே இல்ல."

காதில் வாங்கவில்லை. லேத் மெஷின் ஓட்டும் ஆட்கள் எல்லார் எதிரிலும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலி.

அக். 4, சனி
தூறல். பால் வாங்க மறந்துவிட்டேன். நெட் ஆள் வந்து பார்த்தார். ரவுட்டர் வரை லைன் சரி, கோளாறு உள்ளேதான் என்று கைகழுவிவிட்டுப் போனார்.

சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று மினுக்கின. ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு ஒயரின் இரண்டு முனையும் அதே சுவிட்சில்! ஒன்றைப் பிடுங்கியதும் நெட் வந்தது. உள்ளே வந்த தகவல் அந்த ஒயர் வழியே போய்த் திரும்ப உள்ளேயே வந்து, பெருகிப் பெருகி, மற்ற எதற்கும் வழி இல்லாமல் அடைத்திருக்கிறது. இதற்கு லூப் என்று பெயர்.

வருகிறவர்களின் லேப்டாப்புக்காக ஒரு முனையைத் தொங்கவிட்டிருந்த ஒயர் அது. பூஜையன்று சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். சுவிட்சுக்குப் பொட்டு வைத்த முதலாளி, "பூஜையும் அதுவுமா இது இன்னா தொங்கிகினு கீது?" என்று அந்த முனையையும் சுவிட்சிலேயே சொருகியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சொல்லப் பயம். என் வேலையும் போனால்? ஆனாலும் அவர் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். "நீங்க சொருகின ஒயர்தான் சார். செல்வி அக்கா இல்ல."

ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார். "சரி சரி, வரச் சொல்லு."

அக். 5, ஞாயிறு
துவைத்தது எதுவும் காயவில்லை. செல்வி அக்காவுக்குப் போன். ஒயர் விஷயத்தைச் சொல்லி, முதலாளி வரச் சொன்னார் என்றேன்.

"தான் சொருகினதுன்னு எல்லார் எதிர்லயும் சொன்னாரா?"

"இல்லக்கா."

"அப்போ லேத்துல கீறவங்களுக்கு இன்னும் நான்தானே கெடுத்தவ? நான் வரலம்மா."

ரோஷம். எனக்கு அது எப்போதோ தேய்ந்துவிட்டது. பொறாமையாக இருந்தது.

அக். 6, திங்கள்
மழை. டீ நேரம், லேத் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நெட்டை நிறுத்தியது செல்வி அக்கா இல்லை, பூஜையன்று முதலாளி சொருகின ஒயர் என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே. முதலாளி பின்னால்தான் நின்றிருந்தார். உள்ளே போய்விட்டார்.

செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவரு சொல்லிட்டாரா?"

"நான் சொன்னேன். லேத் ஆளுங்க எல்லார் எதிர்லயும்."

"நாளைக்கு வரேம்மா."