நீ ஓடியதால் இல்லை

அன்புள்ள பிரின்சிக்கு,

நீ திருநின்றவூரில் அக்கா வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. விடிந்ததும் மைதானத்தில் நீ ஓட, நான் நேரம் பார்க்கிற நினைப்பிலேயே இன்னும் விழிக்கிறேன்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளை போனில் தேடிப் படிக்கிறேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாளாகிறது. போலீஸ் தேர்வுக்காக நீ ஓடியதால் குழந்தை கலையவில்லை. ஆரம்பத்தில் கலைவது பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் கோளாறால்தானாம். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்கும் ஒண்ணு போச்சிடா. நாத்துக்கட்டு தூக்கினதாலதான்னு என் மாமியார் சொல்லிக்கினே இருந்துச்சி. நானும் இத்தினி வருசமா அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தானே வந்து உன்னைக் கூப்பிடுவதாகச் சொல்கிறாள்.

அவளுக்கு முன்னால் நான் வரலாமா? அவள் உன்னைப் பழித்த அன்று, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். அது ஏன் என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை. உன் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

உன் வீட்டுக்காரன்