பார்த்தது, கேட்டது, நினைத்தது

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒருவர் இருமிக்கொண்டே சித்தரத்தைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கார வாசனையில் காவிரிப் பாலம் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. தொண்டை கட்டாமல் இருக்க நீ தினமும் மென்றது அது. நம் காட்டூர் பள்ளியின் ஸ்டாஃப் ரூமே அப்படித்தான் மணக்கும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு நீ டீச்சர், இன்னொன்றுக்கு நான். நடுவில் மரத் தடுப்பு மட்டும். உன் பிள்ளைகள் எப்போதும் எதையாவது வாதாடிக்கொண்டிருப்பார்கள். “கொஞ்சம் அடக்குப்பா, என் வகுப்புல கணக்கு ஓடலை” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். “அவங்க சண்டை போடலைப்பா, யோசிக்கிறாங்க” என்பாய்.

ஹரிணியின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போன அன்று நான் தடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த மகேஸ்வரியைக் காட்டி, “இவதான் எடுத்தா டீச்சர்” என்று வகுப்பே கத்தியது. அவள் பையைத் திறந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். நீயோ கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்து, பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று எழுதினாய். ஒவ்வொருவரும் சொன்னதை எங்கே எழுதுவதென்று அவர்களையே கேட்டாய். ‘பார்த்தது’ கடைசிவரை காலியாகவே இருந்தது. பிள்ளைகளின் குரல் ஒவ்வொன்றாக இறங்கியது. ஹரிணியே, “எனக்குத் தெரியலை டீச்சர்” என்றாள்.

சாப்பிடும்போது உன்னைக் கேட்டேன். “பையைத் திறந்திருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே?”

“பையில ஒண்ணும் இல்லேன்னா இந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும். நாளைக்கு வேற ஒருத்தியப் பிடிப்பாங்கப்பா.”

அந்த பாக்ஸ் கிடைக்கவே இல்லை. ஆனால் மறுநாள் ஹரிணி தன் பெஞ்சில் நகர்ந்து மகேஸ்வரிக்கு இடம் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து இம்ரான் தாமதமாக வந்தான். “தூங்கிட்டு வரியா?” என்று அதட்டினாய். மகேஸ்வரி எழுந்து, “டீச்சர், அது நீங்க பார்த்ததா, நினைச்சதா?” என்றாள். நீ சிரித்துவிட்டாய். “நினைச்சதுதான். மன்னிச்சிருப்பா இம்ரான், ஏன் லேட்டுன்னு நீயே சொல்லு” என்றாய். பிறகு, “என்னையே கேட்டுட்டாப்பா!” என்று பரிசு வாங்கியவள்போல ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

உடம்புக்கு முடியாமல் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன் வகுப்பையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்து வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

“டீச்சர் சாமிகிட்ட போயிட்டாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க” என்றாள் ஹரிணி.

“எங்க அத்தா டீச்சரோட ஜனாஸா தொழுகைக்குப் போனாங்க. மண்ணுக்குள்ளதான் வச்சாங்களாம்” என்றான் இம்ரான்.

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். “ரெண்டும் உண்மையா டீச்சர்? இப்ப அவங்க எங்க இருக்காங்க?”

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

“அப்ப நாங்க பேசலாமா?”

உன் நாற்காலியில் உட்கார்ந்து, “பேசுங்க” என்றேன். மணி அடிக்கும்வரை பேசினார்கள். அழுதவர்கள் அழுதார்கள். அடித்துப் பேசியவர்களும் உண்டு. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. நடுவில் எனக்குக் கண் கலங்கியது. இம்ரான் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்ந்தான்.

பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல அதுவரை எனக்குக் கூச்சம். இப்போது அடிக்கடி சொல்கிறேன். சொன்ன பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். முன்பெல்லாம் வகுப்பு அமைதியானாலே தாங்காமல் நானே எதையாவது பேசி நிரப்பிவிடுவேன். இப்போது பொறுத்திருக்கிறேன். எங்கேயாவது ஒரு கை மெல்ல உயர்கிறதுப்பா.