பத்து வண்டிப் பட்டை

1931 பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. தோலோடு ஊறிச் சத்துப்போன ஆவாரம்பட்டை, எங்கள் ஆம்பூர் தோல் ஷாப்பின் பின்புறம் மலையாய்க் கிடக்கிறது. "யாருக்காவது குடுத்துத் தொலை" என்றார் முதலாளி.

மச்சான் ஏகாம்பரம், பேரணாம்பட்டு தோல் ஷாப்பில் மேஸ்திரி ஆனபிறகு முதல் தடவையாக வந்தான். "தென்னைக்கு எரு போடணும் மாமா. பத்து வண்டி குடுங்க." எடுத்துக்கொள் என்றேன், என் பாட்டன் சொத்துபோல.

சாப்பாட்டில் கால்பந்தாட்டப் பேச்சு. 14ந் தேதி பேரணாம்பட்டில் ஆட்டம். என் ஜெயராமனும் அவன் மகனும் எதிரெதிர் அணி. ரயில்வேக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஒரே ஒரு பையனுக்கு வேலை கொடுப்பாராம். சும்மா இருந்தேனா? "எங்க பசங்க கட்டாந்தரையில ஆடறவனுங்கடா. வெறுங்கால்ல பறப்பானுங்க. மெத்துன்னு தரை இருந்தாத்தான் கால் மணி நேரத்துல நாக்கு தள்ளிடும்." ஏகாம்பரம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

பிப். 9, திங்கள்

வெயில். பத்தாவது வண்டியும் போயிற்று. வாங்க வேண்டியது: எலுமிச்சை ஆறு, விளக்கெண்ணெய் (பையன் காலுக்கு), மூக்குப்பொடி (எனக்கு).

மனைவி: "என் தம்பி ஊட்ல இருக்கறது ரெண்டு தென்னை. பத்து வண்டியா?" விவசாயம் உனக்குத் தெரியாது என்று விளக்கினேன்.

பிப். 14, சனி

பேரணாம்பட்டுத் திடல் முழுக்கப் பட்டை. கணுக்கால் ஆழம், தண்ணீர் வேறு தெளித்து. நாற்றத்திலேயே தெரிந்தது, எங்கள் தொட்டிச் சரக்கு. நானே நின்று ஏற்றிவிட்டது.

பந்து துள்ளவில்லை. வைத்த காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அவர்கள் ஒரு வாரமாக அதில் பழகியவர்கள், சின்ன அடியாகத் தத்தித் தத்தி ஓடினார்கள். இடைவேளைக்கு முன்பே ஜெயராமனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிறகு நடைதான். "இன்னாடா, ஆம்பூர் குருவி உக்காந்துடுச்சி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றுக்குச் சுழி என்று தோற்றோம். வேலை ஏகாம்பரத்தின் மகனுக்கு.

ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டேன். "வுழுந்தா அடிபடக் கூடாதுன்னுதான் மாமா. ரெண்டும் நம்ம பசங்கதானே." வெற்றிலை நீட்டினான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப். 15, ஞாயிறு

மேகமூட்டம். மனைவி தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜெயராமன் கிணற்றடியில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பட்டைச் சாயம் போகவில்லை. விளக்கெண்ணெயோடு போய் உட்கார்ந்தேன்.

"நம்ம ஷாப்புப் பட்டைதானப்பா?"

"ஆமா."

"கட்டாந்தரை சமாச்சாரத்த மாமாகிட்ட சொன்னது யாரு?"

எண்ணெயைக் கையில் ஊற்றினேன். காலை இழுத்துக்கொண்டான்.