தீம் பார்க்கில் இரண்டாம் பந்தி

அக்கா,

போன வாரம் பரணிலிருந்து அந்தப் பெரிய பிரயாணப் பையை இறக்கினேன். தூசி தட்டி ஜிப்பைத் திறந்ததும் புதுத் துணி வாசனை. நைலான் துணிக்கென்று ஒரு வாசனை இருக்குமே, கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, அது. பையின் அடியில் உன் நீல உடை கிடந்தது. விலை அட்டையைக்கூட நீ கிழித்திருக்கவில்லை. கடைக்காரப் பெண் மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். நான் வந்த புதிதில் உன்னை நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டாய். "ங்க போட்டுப் பேசாதடி, மாமியார்கிட்ட பேசற மாதிரி இருக்குது" என்றாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மறுபடி சென்னைப் பக்கம் அதே தீம் பார்க்குக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "சாப்பாட்டுக்கெல்லாம் அவ போட்ட பிளான் மாதிரியே போட்டுடும்மா. அன்னிக்கி எவ்ளோ கரெக்டா இருந்துச்சி" என்றார். உள்ளே இருந்து அத்தை ஒத்துப் பாடினார்: "ஆமா, அவ்ளோ பெரிய எடத்துல ஒருத்தரும் பசியா இருக்கல."

ஒருத்தரும் பசியாக இருக்கவில்லையாம். கேட்டாயா அக்கா? வடிகஞ்சி கையில் கொட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நீ அந்தச் சாப்பாட்டுக்கு யோசித்த யோசனை எனக்கல்லவா தெரியும். தினம் மத்தியானம் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரிக்க உட்காரும்போது போனை முறத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, பார்க்குக்குப் போய்வந்தவர்கள் போட்ட வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பாய். உள்ளே எத்தனை ஓட்டல், எது சைவம், எங்கே பிரியாணி, எந்த ஓட்டல் எந்த ஆட்டத்துக்குப் பக்கம் என்று எல்லாம் உனக்கு மனப்பாடம். மாமனாருக்கு ரசம் இல்லாமல் சோறு இறங்காது. போகிற நாள் சனிக்கிழமை; அத்தைக்கு ஒருபொழுது, வெங்காயம் கூடாது. உன் வீட்டுக்காரருக்கு வயிற்றுப் புண், காரம் ஆகாது. என் வீட்டுக்காரருக்குக் கறி இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். என் இரண்டு பையன்களுக்கும் உன் பவித்ராவுக்கும் நூடுல்ஸ். வெளியே நிறுத்தத்தில் காத்திருக்கப்போகும் வேன் டிரைவர் எங்கே சாப்பிடுவார் என்பதுகூட உன் யோசனையில் இருந்தது.

"நீ எங்க சாப்புடுவ?" என்று ஒருநாள் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னாடி? எதுனா மிஞ்சும்" என்றாய். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவள், தீம் பார்க்கில் மிஞ்சியதைச் சாப்பிடத் திட்டம் போட்டாய்.

ஆனால் உனக்கும் ஓர் ஆசை இருந்தது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் நாம் இரண்டு பேரும் போய் நைலான் உடை வாங்கினோம். அது இல்லாமல் அங்கே தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று நீதான் வீடியோ பார்த்துச் சொன்னாய். எனக்குச் சிவப்பு, உனக்கு நீலம். வீட்டுக்கு வந்து அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, புடவைக்கு மேலேயே அதை வைத்துப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. "தொட்டியிலயே அலை வருமாமேடி! கடலையே நான் ஒருக்கா தான் பாத்துருக்கன். அதுவும் கரையில நின்னு செருப்புக்குக் காவல்" என்றாய். அந்த அலைக்குளத்தில் ஒரு தடவை இறங்க வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. அதையும் என்னிடம் மட்டும்தான் கேட்டாய்.

அன்று வாசலிலேயே ஆரம்பித்தது. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று பையைச் சோதித்தார்கள். உன் கைப்பையில் இருந்த ஒரே பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள் காவல்காரப் பெண். சுகர் இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். மாமனார் பின்னால் நிற்கிறார் என்று வாயை மூடிக்கொண்டாய். எதற்கு அக்கா வெட்கம்? சர்க்கரை நோய் என்ன திருடிக்கொண்டு வந்ததா?

மத்தியானம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரவரே போட்டுக்கொள்ளும் ஓட்டல் அது. எல்லாரும் ஒன்றாக உட்கார நீள மேசை காலியாகக் கிடந்தது. பரிமாறும் இடத்தில் நின்ற தம்பி, "எல்லாரும் உக்காருங்கம்மா, எடம் இருக்கு" என்று இரண்டு முறை சொன்னான். அத்தைதான், "அவ அப்பறமா சாப்டுக்குவா. மொதல்ல ஆம்பளைங்க பந்தி முடியட்டும்" என்றார். பந்தியாம். நம் வீட்டுக் கூடத்தில் போடும் பந்தியைச் சுமந்துகொண்டு வந்து குளிர்சாதன ஓட்டலில் விரித்தோம். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நம்மைத் தவிர யார் செய்வார்கள்? வேறு குடும்பத்துப் பெண்கள் தங்கள் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே உன்னை வேடிக்கை பார்த்தார்கள்.

என்னை, "பசங்களுக்கு ஊட்டிக்கினே நீயும் சாப்டுடு" என்று உட்கார வைத்துவிட்டாய். மாமனாருக்கு ரசம், அத்தைக்கு வெங்காயம் இல்லாத தயிர்ச்சோறு, பிறகு குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பிரியாணிக் கடைக்கு ஓடி என் வீட்டுக்காரருக்குத் தட்டு. அவர் போய் வாங்கிக்கொள்ளமாட்டாராம்! நீ திரும்பி வந்தபோது பாத்திரங்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் பந்தி வரவே இல்லை. நான் பதறினேன். நீ சிரித்தாய்.

"எனக்குப் பசிக்கலடி. நீ போய் தண்ணியில எறங்கு. நான் பையப் பாத்துக்கறன்."

பிள்ளைகளோடு தண்ணீரில் இருந்து திரும்பிப் பார்த்தபோது நீ குளத்துப் படிக்கட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாய். வேர்த்துக் கொட்டியது. கை வெடவெடவென்று ஆடியது. ஈரத்தோடு ஓடிப்போய் பழச்சாறு வாங்கி வந்து உன் வாயில் வைத்தேன். குடித்துவிட்டு நீ பேசிய முதல் பேச்சு, "யார்கிட்டயும் சொல்லாத." உனக்குத் தெளிந்து எழுந்து நின்றபோது நேரம் முடிந்தது என்று விசில் அடித்து எல்லாரையும் குளத்திலிருந்து ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் சும்மா கிடந்தது. நீ கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாய். பிறகு துண்டுகளைப் பிழிந்து மடித்து வைக்க ஆரம்பித்தாய். மாமனார் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயிலு ஒத்துக்கல போல" என்றார். அதோடு முடிந்தது.

அதற்கடுத்த மார்கழியில் ஒரு காலையில் எல்லாருக்கும் இட்லி வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தாய். மாரடைப்பு என்றார் டாக்டர். சாப்பிடாததால்தான் போனாய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது உன் பங்கு இட்லி தட்டில் மூடியே இருந்தது. அதை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று நினைக்கிறாய்?

எனக்கு மாமனார் மேல் கோபம். அத்தை மேல் கோபம். ஓடி ஓடிப் பரிமாறியதைப் பாசம் என்று பேர் வைத்துச் சாப்பிட்ட இரண்டு அண்ணன் தம்பிகள் மேலும் கோபம். எல்லாரையும்விட உன் மேல்தான் ஜாஸ்தி. பசிக்கல, பசிக்கல என்று சொல்லியே இவர்களை எல்லாம் இப்படிப் பழக்கிவைத்தவள் நீதானே?

அதனால் இந்த முறை நான் உன் மாதிரிப் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்தைத் தாண்டுவதற்குள் வேனில் சொல்லிவிட்டேன். "மாமா, இன்னிக்கி ஒரே பந்தி. எல்லாரும் ஒண்ணா உக்காரணும். அவங்கவங்க தட்டு அவங்கவங்க எடுத்துக்கணும்."

"வூட்ல இல்லாத பழக்கம் வெளியில இன்னாத்துக்கு?" என்றார்.

"அப்ப வூட்லயும் ஆரம்பிச்சிடலாம் மாமா" என்றேன். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரியைப் பார்க்க ஆரம்பித்தார். உலகத்தில் இல்லாத லாரி!

ஓட்டலில் முதல் ஆளாகத் தட்டை எடுத்து முதல் ஆளாக உட்கார்ந்தேன். மாமனார் வரிசையில் நின்று பாயசக் கிண்ணத்தில் ரசம் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தை கல்யாணமான நாளாய் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சாப்பிட்டார். உன் வீட்டுக்காரர் மோர்க்குழம்பைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒருவரும் செத்துவிடவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். உன் மகள் பவித்ரா மட்டும் உட்காரவில்லை. தாத்தா நாற்காலிக்குப் பின்னால், நம் பைகளை எல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பதினைந்து வயசுப் பெண். கையில் தண்ணீர் ஜாடி.

"உக்காருடி."

"எனக்குப் பசிக்கல சித்தி. நீங்க சாப்டுங்க. நான் பையப் பாத்துக்கறன்."

உன் குரல் அக்கா. அதே இழுப்பு, அதே சிரிப்பு. ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "பை ஒண்ணும் ஓடிப்போவாது! வந்து உக்காரு!" அவள் தோளிலிருந்து பைகளைப் பிடுங்கிக் கீழே போட்டேன். அவளை என் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, என் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். எனக்கு வேறு தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிள்ளை சாப்பிட்டாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக. பிறகு வேகமாக. தட்டு காலியானதும் தானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அதையும் முடித்துவிட்டு மறுபடி எழுந்தாள். பசிக்கவில்லை என்று சொன்ன பிள்ளை அக்கா. மூன்றாம் முறை அவள் சோற்றைப் பிசைந்தபோதுதான், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த உனக்கு எவ்வளவு பசித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. வாயில் இருந்ததை மட்டும் விழுங்கினேன்.

சாயங்காலம் அவளும் நானும் அலைக்குளத்தில் இறங்கினோம். பைகளை மாமனார் பார்த்துக்கொண்டார்.

உன் நீல உடையை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. பவித்ராவுக்கும் புதிதாகத்தான் வாங்கினேன். அட்டையைக் கிழிக்காமல் அதே பையில், அதே மடிப்போடு மறுபடி பரணிலேயே வைத்திருக்கிறேன். நாள் போகப் போக எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். என் கோபம் ஆறுகிற மாதிரித் தெரிந்தால், பரண் ஏறி அந்த ஜிப்பைத் திறந்து பார்ப்பேன்.