வெட்டிய கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கிறதா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

நான் நலம். போன வாரம் கல் கொத்தும்போது சுத்தியல் நழுவிக் கட்டைவிரலில் விழுந்தது. நகம்தான் போயிற்று, முளைத்துவிடும். இரவல் சுத்தியல், பிடி என் கைக்கு ஒத்து வரவில்லை. “என்னய்யா, கல்லை விட்டுட்டு விரலைக் கொத்துற?” என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தங்கை நம் பட்டறைப் படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் நன்றாகவே கொத்துகிறார். அவர் கையில் இருப்பது என் சுத்தியல். என் முழங்கைக்கு அளந்து நீங்கள் போட்டுத் தந்த பிடியை, அவர் கைக்காக நாலு விரற்கடை வெட்டியிருக்கிறீர்கள். “ரெண்டே வருஷம்டா. உன் சுத்தியல ஒருத்தரும் தொட மாட்டாங்க, உன் இடம் அப்படியே இருக்கும்” என்று சொல்லித்தானே பஸ் ஏற்றிவிட்டீர்கள்? நான் திரும்பி வருவேன் என்று நினைத்திருந்தால் பிடியில் ரம்பம் வைத்திருப்பீர்களா அப்பா?

விரலுக்குப் பூச ஒரு தைலப் புட்டி, இரண்டு பருத்தித் துண்டு, ஊரிலிருந்து இங்கே யார் வந்தாலும் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

பிடியிலிருந்து வெட்டிப்போட்ட அந்தக் கட்டை அடுப்புக்குப் போகாமல் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். என் கை பட்டுத் தேய்ந்தது அந்த நுனிதான்.

உங்கள் மகன்