காயாத ஆரத்தி

திருத்தங்கல்
9.7.2025

அன்புள்ள அருணாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது, வாசலில் ஊற்றிய ஆரத்தி காயவில்லை என்பதுதான். திங்கட்கிழமை ஊற்றியது செவ்வாய்க்கிழமை காலையிலும் சிமெண்டுத் தரையில் ஈரமாக இருந்தது. நம் ஊர் வெயிலில் ஒரு வாளித் தண்ணீரே கால்மணி நேரம் தாங்காது.

யாருக்கு ஆரத்தி என்று கேட்பாய். எனக்குப் பூ வைத்துவிட்டார்கள். மல்லாங்கிணறு சொர்ணலட்சுமி அத்தை, அப்பாவின் அக்கா, மகன் பாண்டிமுருகனோடு வந்திருந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுவாரே, மூக்கில் நட்சத்திரம் வைத்த பழைய வெளிநாட்டுக் கார், அதில்தான் வந்தார்கள். இறங்கியதும் அம்மா ஆரத்தி எடுத்து முன்சக்கரத்தின் பக்கம் ஊற்றினாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு வரும் முகூர்த்தத்தில் கல்யாணமாம்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சத்தம் வந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொன்னவள் நீதானே.

அத்தைக்கு முழுத் திருப்தி இல்லை. என் கையைத் திருப்பிப் பார்த்து, "ஏலே தங்கச்சாமி, பிள்ளை நகத்துல என்னலே இம்புட்டுக் கருப்பு? சபையில கைய நீட்டுனா மருதாணி தெரியுமா, கிரீஸு தெரியுமா?" என்று அப்பாவிடம் கேட்டார். எதற்கும் யோசித்து நாள் குறிக்கலாம் என்றார். அத்தான் சிரித்தார். "விடும்மா. இனிமே அவ வண்டிக்குள்ள உக்காந்து வந்தாப் போதும், வண்டிக்கடியில படுக்க வேணாம்." நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

திருப்பும்போது ஸ்டியரிங் முனகுகிறது என்று காரை எங்கள் வாசல் பட்டறையில் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்கள். அன்றைக்கே அம்மா என் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டாள். நான் கேட்டைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு இடுப்புவலி என்பதால் காருக்கு அடியில் மட்டும் போகலாம்.

இன்று போனேன். அந்தச் சிவப்பை விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழுக்கியது.

தபால்காரரிடம் கேட்டிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுது. உன் கடிதத்தை அம்மா தடுக்க மாட்டாள்.

உன்
செல்வி

*

விருதுநகர்
12.7.2025

அடி செல்வி,

உன் கடிதம் வந்ததும் விடுதியே கூடிவிட்டது. இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதும் தோழி எனக்கு மட்டும்தான் இருக்கிறாளாம். பெருமையாக இருந்தது. படித்த பிறகு பெருமை போய்விட்டது.

ஆரத்தி வழுக்காது. அது ஸ்டியரிங் எண்ணெய். இது உனக்குத் தெரியும், என் வாயால் கேட்க ஆசைப்படுகிறாய்.

இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். எங்கள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பெண்களுக்கு இடம் காலியாக இருக்கிறது. பத்தாவது பாஸ் போதும். பத்தாவதோடு உன்னை நிறுத்தியபோது நான்தான் அழுதேன், நீ அழவில்லை. உனக்குப் பதினெட்டு ஆகாததால் உன் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி கடைசி.

வாயைத் திற, செல்வி. உனக்காக "உள்ளேன்" சொல்ல நான் அங்கே இல்லை.

அருணாதேவி

*

திருத்தங்கல்
16.7.2025

அன்புள்ள அருணாவுக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன். அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெயில் துடைத்து, அத்தை தட்டில் வைத்துக் கொடுத்த முகப்பவுடரைத் தூவினேன். அப்பாவை இஞ்சினை ஓட விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். வெள்ளைப் பவுடரில் மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியது. எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் குழாய், அதை இறுக்கும் கிளாம்புக்குக் கீழே வெடித்திருக்கிறது. அப்பா குனிந்து பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். மதுரைக்குச் சொல்லிப் புதுக் குழாயும் வரவழைத்துவிட்டார்.

ஆனால் நேற்று அத்தை வந்தார். ஆடி பிறக்கும் முன் ஒரு முடிவு சொல்ல வேண்டுமே. காரின் பக்கம் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று அம்மாவைக் கூப்பிட்டார். "ஏ மதினி, இங்கன வாங்க! எட்டு நாளாச்சு, எடுத்த ஆரத்தி இன்னும் காயலையே!" தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொடாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பத்திரகாளி உத்தரவு குடுத்துட்டா. கிரீஸாவது ஒண்ணாவது, இவதான் என் மருமக." அங்கேயே ஆவணி பதின்மூன்று என்று நாள் குறித்துவிட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், அருணா. ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை பஸ் ஏறும்வரை அதே ஸ்பானரைத்தான் துடைத்தார். பிறகு, "எங்க அக்கா வாயில நல்ல வார்த்தை வந்திருக்கு. விடு தாயி" என்றார்.

புதுக் குழாயை இன்னும் பொருத்தவில்லை. பொருத்தினால் சிவப்பு நின்றுவிடும், கார் போய்விடும். அடுத்து அது வருவது என்னை ஏற்றிக்கொண்டு போகத்தான். பொருத்தாவிட்டால் தெய்வ உத்தரவு தினமும் சொட்டிக்கொண்டே இருக்கும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு இதையே யோசிக்கிறேன். வீட்டில் என்னை யாரும் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

செல்வி

*

விருதுநகர்
20.7.2025

செல்வி,

பேச வராவிட்டால் பேசாதே. ஒன்பதாவதில், தண்ணீர் மோட்டார் ஏன் ஓடவில்லை என்று சார் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? நீ வாயே திறக்கவில்லை. எழுந்து போய் மோட்டாரைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த ஓணானை எடுத்து அவர் மேசையில் வைத்தாய். வகுப்பே ஓடியது.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஐ.டி.ஐ. கேட்டில் நிற்பேன்.

அருணா

*

திருத்தங்கல்
27.7.2025

அருணா,

இன்று அத்தை காயாத ஆரத்தியைக் காட்டுவதற்கென்றே சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். கையில் பூவும் பழமும் வைத்த தாம்பாளம். அத்தான் காரை எடுக்க வந்திருந்தார்.

"பாருங்கடி, இன்னையோட இருவது நாளு. எங்க காயுது?"

"ஆத்தாடி! மருமக வர்ற ராசிதான் மதினி" என்றார் ஒருவர். இன்னொருவர் போனில் படம் எடுத்தார்.

"குழாய் மாட்டியாச்சா மாமா?" என்று அத்தான் கேட்டார். அப்பா ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் காருக்கு அடியில் போனேன். வழக்கம்போல கையை மட்டும் வெளியே நீட்டினேன். எனக்கு எது வேண்டும் என்று அப்பாவுக்கே தெரியும், கேட்காமலே தருவார். இன்று வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது உள்ளங்கையில் ஸ்குரூடிரைவர் விழுந்தது.

கிளாம்பைத் தளர்த்திப் பழைய குழாயை உருவினேன். முழங்கைவரை சிவப்பு வழிந்தது. வெளியே வந்து குழாயைத் தாம்பாளத்தில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தையின் விரலைப் பிடித்து அதைத் தொட வைத்தேன்.

"என்னடி, வழுக்குது?"

"எண்ணெய் அத்தை. ஸ்டியரிங் எண்ணெய். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

என் குரல்தான். எனக்கே புதிதாக இருந்தது.

அத்தை அப்பாவைப் பார்த்தார். "ஏலே, உனக்குத் தெரியுமாலே?"

தெரியும் என்று அப்பா தலையை ஆட்டினார்.

"கசியுற எண்ணெய்க்கா நான் கன்னத்துல போட்டேன்? எண்ணெயப் பாத்தா நாள் குறிச்சேன்?" குழாயைத் தரையில் தள்ளிவிட்டுத் தாம்பாளத்தோடு வெளியேறினார். "வாங்கடி. இந்தச் சம்பந்தம் வேணாம்." போனில் படம் எடுத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். அத்தான் மட்டும் தயங்கி நின்று, "வண்டி இப்ப ஓடுமா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். உட்கார்ந்துகொண்டார்.

புதுக் குழாயைப் பொருத்தினேன். எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்வரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பினேன். முனகல் நின்றது. அத்தான் காரை எடுத்துக்கொண்டு போனார். மரத்தூளைத் தூவித் தரையைத் துடைத்தேன்.

அடுக்களையில் அம்மா அழுகிறாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டை யாரும் சாத்தவில்லை.

கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாலிருந்து உன் விண்ணப்பத்தை எடுத்து, பேனாவோடு அப்பா முன்னால் வைத்தேன்.

உன்
செல்வலட்சுமி