எழுதுவதும் நாங்கள், சரிபார்ப்பதும் நாங்கள்

2004 மார்ச் 9, இரவு 10.40. பதுளை. எங்கள் கணக்காய்வு நிறுவனத்தில் மொத்தம் நான்கு பேர்.

எங்களை ஒரு சர்வதேசக் கணக்காய்வு வலையமைப்பில் சேர்க்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து இன்று ஒரு பரிசோதகர் வந்தார். பண்டாரவளைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது யார் என்று கேட்டார்.

நிறுவன உரிமையாளரான எங்கள் சேர் பெருமையாகச் சொன்னார்: "நாங்கள்தான். கணக்காய்வும் நாங்கள்தான். அவையளுக்கு அலைச்சல் இல்லை."

"நீங்க எழுதினதை நீங்களே சரின்னு சொல்றீங்களா? எங்க விதி இதை அனுமதிக்காது" என்றார் பரிசோதகர்.

அந்த விதிகளை எத்தனை தடவை சேரின் மேசையில் வைத்தேன்! புரட்டவே இல்லை.

பரிசோதகர் போனதும் சேர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கணக்கெழுதுற வேலையை உம்மட பேரில தனி நிறுவனமா, வேற கந்தோராப் பதிவோம். பேர் மட்டுந்தான், வேலை இங்கதான் நடக்கும்."

"அது பொய் சேர்."

"அப்ப உம்மட பயிற்சிச் சான்றிதழில ஆர் கையெழுத்து வைக்கிறது?"

கணக்காளர் சோதனை பாஸாகியும் அந்தக் கையெழுத்து இல்லாமல் நான் கணக்காளன் இல்லை. பதுளையில் வேறு யாரும் என்னை எடுக்கப்போவதுமில்லை.

நாளை:

1. பதிவுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சேரிடம் சொல்வேன்.
2. கையில் உள்ள கோப்புகளை ஒப்படைப்பேன்.
3. பூனாகலைத் தோட்டத்துக்கு பஸ் ஏறுவேன். மகன் கணக்காளராகிவிட்டான் என்று லய வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அம்மாவிடம்…